கோல் அடிக்க அல்ல, ஆளை அடிக்கத்தான் சம்பளம்! ஐஸ் ஹாக்கியின் ‘என்ஃபோர்சர்’ யார்?

2010 நவம்பர் 9. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம். நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்கும் வாஷிங்டன் கேபிடல்ஸ் அணிக்கும் ஐஸ் ஹாக்கி ஆட்டம். ரேஞ்சர்ஸ் வீரர் டெரெக் பூகார்ட் ஓங்கி அடிக்க, கோல்! அரங்கமே எழுந்து கத்துகிறது. சக வீரர்கள் ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறார்கள்.

ஒரு கோலுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? காரணம் இருக்கிறது. அதற்கு முன் 234 ஆட்டங்களாக அவர் ஒரு கோல்கூட அடித்ததில்லை. கடைசியாக அடித்தது 2006 ஜனவரியில்.

கிட்டத்தட்ட 5 வருஷம் ரன்னே எடுக்காத பேட்ஸ்மேனை ஐபிஎல்-லில் எந்த டீமாவது வைத்திருக்குமா? ஆனால், ரேஞ்சர்ஸ் அணி அதே ஆண்டு ஜூலையில்தான் பூகார்டை 4 ஆண்டுகளுக்கு 65 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியிருந்தது.

அவரை வாங்கியது கோல் அடிக்க அல்ல. எதிரணி ஆட்களை அடிக்க. ஆமாம், அதுதான் அவர் வேலை. அந்த வேலைக்கு ‘என்ஃபோர்சர்’ என்று பெயர். நம்மூர் பாஷையில் சொன்னால், அணியின் அடியாள்.

அந்தக் கோலுக்குச் சரியாக ஒரு மாதம் கழித்து, அவருடைய கடைசி ஆட்டம். அதிலிருந்து 5 மாதத்தில் மரணம். அப்போது அவருக்கு வயது 28.

ஒரு விளையாட்டில் அடிதடி எப்படி ஒரு ‘போஸ்டிங்’ ஆனது? அதற்கு என்ன விலை? இப்போது அந்த வேலை ஏன் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது? விரிவாகப் பார்ப்போம்.

முதலில், ஐஸ் ஹாக்கி என்றால் என்ன?

நமக்குத் தெரிந்த ஹாக்கிக்கும் இதற்கும் மட்டையைத் தவிர ஒற்றுமை குறைவு. உறைந்த பனித்தளத்தில் ஸ்கேட்டிங் ஷூவோடு விளையாடுவது. பந்துக்குப் பதில் ‘பக்’ எனப்படும் கெட்டியான ரப்பர் வட்டு. களத்தில் ஒரு அணிக்கு கோல்கீப்பரோடு சேர்த்து 6 பேர். வேகம் மிக அதிகம் என்பதால் ஒரு வீரர் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு வாங்கி பெஞ்சுக்குத் திரும்புவார். அடுத்தவர் இறங்குவார். இப்படி ஆட்டம் முழுக்க ஆள் மாறிக்கொண்டே இருக்கும்.

உடம்பால் மோதுவதும் இங்கே ஆட்டத்தின் ஒரு பகுதி. பக் வைத்திருப்பவரைத் தோளால் இடித்துத் தள்ளலாம். அது தவறே இல்லை. ஆனால் மட்டையால் அடிப்பது, முதுகுப் பக்கமாக வந்து மோதுவது போன்றவை ஃபவுல். ஃபவுல் செய்தவர் 2 நிமிடம் தண்டனைக் கூண்டில் உட்கார வேண்டும். அந்த நேரம் அவர் அணி ஒரு ஆள் குறைவாக ஆடும். எதிரணிக்கு அது ‘பவர்பிளே’. கிரிக்கெட்டில் நாம் சொல்லும் பவர்பிளே வேறு, இது வேறு.

இதில் உலகின் பெரிய தொழில்முறை லீக், அமெரிக்கா மற்றும் கனடாவில் நடக்கும் என்ஹெச்எல்.

சண்டை போட்டால் ரெட் கார்டு இல்லையா?

இல்லை. இங்கேதான் ட்விஸ்ட்.

கால்பந்தில் ஒருவர் இன்னொருவரைக் குத்தினால் நேராக வெளியே. ஐஸ் ஹாக்கியிலும் உலக சாம்பியன்ஷிப், ஒலிம்பிக் போன்ற சர்வதேசப் போட்டிகளில் சண்டை போட்டவர் ஆட்டத்தை விட்டே வெளியேற வேண்டும். ஆனால் என்ஹெச்எல்-லில் 1922 முதலே ஒரு தனி விதி. குத்துச்சண்டைக்கு 5 நிமிடத் தண்டனை. 5 நிமிடம் முடிந்ததும் மீண்டும் களமிறங்கலாம்.

இன்னொரு விஷயம் முக்கியமானது. இரண்டு பேரும் சண்டை போட்டால், இரண்டு பேருக்கும் 5 நிமிடம். அதனால் இரு தரப்பிலும் ஆட்டக்காரர்கள் எண்ணிக்கை குறையாது. யாருக்கும் பவர்பிளே கிடையாது. ஸ்டார் வீரர் ஒருவர் மட்டையை வீசி 2 நிமிடம் உள்ளே போனால் அணிக்கு நஷ்டம். ஐந்தே நிமிடம் ஆடும் ஒருவர் சண்டை போட்டு 5 நிமிடம் உள்ளே போனால் அணிக்கு எந்த நஷ்டமும் இல்லை.

கணக்கு இப்படி இருந்தால் என்ன நடக்கும்? சண்டைக்கென்றே ஒரு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று அணிகள் யோசிக்கத்தானே செய்யும்? அதுதான் நடந்தது.

கிரெட்ஸ்கியின் பாடிகார்டு

ஆரம்ப உதாரணமாகப் பலரும் சொல்வது ஜான் ஃபெர்குசனை. 1963-ல் மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணி, தன் நட்சத்திரம் ஜான் பெலிவோவைப் பாதுகாக்கும் பலசாலியாக அவரைக் கொண்டுவந்தது. முதல் ஆட்டம் தொடங்கிய 12-வது நொடியிலேயே சண்டை. அதே ஆட்டத்தில் இரண்டு கோல்களும் அடித்தார். அந்தக் காலத்து என்ஃபோர்சர்களுக்கு ஹாக்கியும் தெரிந்திருந்தது.

1970-களில் ஃபிலடெல்ஃபியா ஃபிளையர்ஸ் அணி இதையே அணியின் பாணியாக மாற்றியது. எதிரணியைப் பயமுறுத்தியே 1974, 1975 என அடுத்தடுத்து ஸ்டான்லி கோப்பையை வென்றது. அந்த அணியின் டேவ் ஷுல்ட்ஸ் 1974-75 சீசனில் மட்டும் 472 நிமிடம் தண்டனை பெற்றார். 50 ஆண்டுகள் ஆகியும் அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை.

அடுத்து வந்தது வெய்ன் கிரெட்ஸ்கியின் காலம். ஐஸ் ஹாக்கியின் டெண்டுல்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒல்லியான உடம்பு, 894 கோல். அவரை யாராவது முரட்டுத்தனமாக இடித்தால், எட்மன்டன் ஆய்லர்ஸ் அணியின் டேவ் செமென்கோவோ மார்ட்டி மெக்சோர்லியோ வந்து நிற்பார்கள். 1988-ல் கிரெட்ஸ்கி லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸ் அணிக்கு மாற்றப்பட்டபோது, கூடவே மெக்சோர்லியும் போனார். பாடிகார்டோடு சேர்த்துத்தான் டீல்.

என்ஃபோர்சர்களுக்கான நியாயம் இதில்தான் இருக்கிறது. “எங்கள் ஸ்டாரைத் தொட்டால் உனக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கிறது” என்ற பயமே முரட்டு ஆட்டத்தைக் குறைக்கும் என்பது அவர்கள் வாதம். அணுகுண்டு மாதிரி. போடுவதற்கு அல்ல, வைத்திருப்பதற்கு.

“போட்டுக்கலாமா?” – எழுதப்படாத சட்டம்

சண்டைக்கும் ஒழுக்கம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் இல்லாத, ஆனால் எல்லா என்ஃபோர்சர்களுக்கும் தெரிந்த விதிகள் அவை. ‘தி கோட்’ என்று அதைச் சொல்வார்கள்.

முதலில் சம்மதம். பக்கத்தில் வந்து “போட்டுக்கலாமா?” என்று கேட்பார்கள். எதிராளி தலையாட்டினால் இரண்டு பேரும் கையுறைகளைக் கழற்றி எறிவார்கள். களைத்துப்போய் பெஞ்சுக்குத் திரும்புபவரைச் சண்டைக்கு இழுக்கக் கூடாது. கீழே விழுந்தவரைக் குத்தக் கூடாது. சண்டை போடும் வேலையில் இல்லாத வீரரைத் தொடக் கூடாது. முந்தைய சண்டையில் நீ ஜெயித்திருந்தால், தோற்றவர் மறுபடி கேட்கும்போது மறுக்கக் கூடாது.

நடுவர்கள் சும்மா சுற்றி நிற்பார்கள். யாராவது ஒருவர் விழுந்த பிறகோ, இருவரும் களைத்த பிறகோதான் உள்ளே புகுந்து பிரிப்பார்கள். ஸ்கேட் பிளேடுகளின் மேல் நின்றுகொண்டு, ஒரு கையால் எதிராளியின் ஜெர்சியைப் பிடித்து, மறு கையால் குத்த வேண்டும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பிறகு இருவரும் அமைதியாகக் கூண்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வார்கள். சிலர் சண்டை முடிந்ததும் “நல்லா போட்டே” என்று தட்டிக்கொடுப்பதும் உண்டு. தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. எல்லாம் ஆபீஸ் வேலை.

வேடிக்கை பார்க்கிற நமக்கு ஒரு நிமிடம். ஆனால் நாளைய ஆட்டத்தில் யாரோடு மோத வேண்டியிருக்கும் என்று முந்தைய இரவு தூங்காமல் கிடந்ததைப் பல முன்னாள் என்ஃபோர்சர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

சஸ்காட்ச்சுவானின் பெரிய பையன்

பூகார்டின் கதைக்கு வருவோம். பிறந்தது 1982 ஜூன் 23, கனடாவின் சஸ்காட்ச்சுவான் மாகாணத்தில். அப்பா, கனடாவின் தேசியக் காவல் படையில் போலீஸ்காரர். அப்பாவின் டிரான்ஸ்ஃபர்களோடு சின்னச் சின்ன ஊர்களில் வளர்ந்த பையன். எந்த வகுப்பில் சேர்ந்தாலும் அவன்தான் உயரம். கூச்ச சுபாவம். ஸ்கேட்டிங்கில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் தடுமாற்றம்.

கனடாவில் ஒரு பையன் என்ஹெச்எல் போக வேண்டும் என்றால், அதற்கு வழி ஜூனியர் லீக். மெல்ஃபோர்ட் என்ற சின்ன ஊரில், பதின்ம வயதில் ஒரு ஆட்டத்தின்போது பூகார்டுக்குக் கோபம் தலைக்கேறியது. எதிரணியின் பெஞ்சுக்குள்ளேயே புகுந்து சுழன்று அடித்தான். எதிரணி வீரர்கள் சிதறி ஓடினார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ரெஜைனா பேட்ஸ் என்ற ஜூனியர் அணியின் ஆட்கள் இருந்தார்கள்.

வேறு விளையாட்டாக இருந்தால் அன்றோடு அவன் கதை முடிந்திருக்கும். இங்கே அன்றுதான் ஆரம்பித்தது. அந்த அணி அவனைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

அங்கிருந்து எல்லாமே குத்துகளால் வந்தது. ஜூனியர் லீக்கில் 3 அணிகள் மாறினான். 2001-ல் என்ஹெச்எல் தேர்வில் மினசோட்டா வைல்டு அணி 202-வது ஆளாக அவரை எடுத்தது. உடனே பெரிய லீக்கில் இடம் கிடைக்கவில்லை. லூசியானாவில், ஹூஸ்டனில் கீழ்நிலை லீக்குகளில் அடித்து, அடிவாங்கி, 2005 அக்டோபரில் என்ஹெச்எல் களத்தில் இறங்கினார்.

6 அடி 7 அங்குலம். சுமார் 120 கிலோ. ரசிகர்கள் வைத்த பெயர் ‘பூகிமேன்’. நம் பாட்டிமார்கள் குழந்தைகளைப் பயமுறுத்தச் சொல்லும் ‘பூச்சாண்டி’யேதான்.

ஒரே குத்து

2006 அக்டோபர் 27. அனாஹெய்ம் டக்ஸ் அணியின் என்ஃபோர்சர் டாட் ஃபெடோருக்கோடு சண்டை. பூகார்டின் ஒரு குத்தில் ஃபெடோருக்கின் கன்ன எலும்பு நொறுங்கியது. உலோகத் தகடுகள் வைத்து முகத்தைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

அந்த ஒரே குத்தால் பூகார்டின் பெயர் லீக் முழுக்கப் பரவியது. அதன் பிறகு அவரோடு சண்டைக்கு வரவே பலர் தயங்கினார்கள். மறு ஆண்டு ஃபெடோருக் மினசோட்டா அணிக்கே வந்து சேர்ந்தார். முகத்தை உடைத்தவரும் முகம் உடைந்தவரும் ஒரே டிரெஸ்ஸிங் ரூமில்! இந்தத் தொழிலில் அது ஒன்றும் அதிசயம் இல்லை.

சராசரியாக ஒரு ஆட்டத்துக்குச் சுமார் 5 நிமிடம்தான் அவர் களத்தில் இருப்பார். ஆனாலும் ரசிகர்களுக்கு அவர்தான் செல்லப்பிள்ளை. அரங்குக்கு வெளியே மென்மையான ஆள், குழந்தைகளோடு பொறுமையாகப் பழகுபவர் என்றே தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். 2007-ல் சொந்த மாகாணத்தின் ரெஜைனாவில் தம்பியோடு சேர்ந்து சிறுவர்களுக்கு ஒரு முகாம் நடத்தினார். சொல்லிக்கொடுத்தது ஹாக்கிச் சண்டையில் தற்காத்துக்கொள்வது எப்படி என்று. அது பெரிய சர்ச்சையானது. அவருக்குத் தெரிந்த தொழிலை அவர் சொல்லிக்கொடுத்தார். ஒருவேளை அதுதான் சர்ச்சையின் சோகமான பக்கமும்.

வலியும் மாத்திரையும்

டிவியில் தெரியாத பக்கம் ஒன்று உண்டு. ஹெல்மெட்டிலும் மண்டை ஓட்டிலும் மோதி மோதி என்ஃபோர்சரின் விரல் முட்டிகள் சிதைந்துபோகும். மூக்கு உடையும். தோள் கழலும். முதுகு பிடித்துக்கொள்ளும். ஆனால் லீவ் போட முடியாது. அவர் இடத்துக்கு அடுத்த பலசாலி கீழ் லீக்கில் காத்துக்கொண்டிருக்கிறான். கை வலிக்கிறது என்று சொல்லும் அடியாளை யார் வைத்துக்கொள்வார்கள்?

அந்த இடைவெளியில்தான் வலி நிவாரணிகள் நுழைகின்றன. பூகார்டுக்கும் அதுதான் நடந்தது. அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு பரிந்துரைக்கப்பட்ட ஓபியாய்டு வகை மாத்திரைகள், போகப்போக விட முடியாத பழக்கமாயின. 2009 செப்டம்பரில் மறுவாழ்வு சிகிச்சையில் சேர்ந்தார். அணியின் பயிற்சி முகாமில் அவர் ஏன் இல்லை என்பதற்கு வெளியே சொல்லப்பட்ட காரணம், தலைக் காயம். மகன் இறந்த பிறகு அப்பா, ஒரு போலீஸ்காரரின் பொறுமையோடு, மருத்துவச் சீட்டுகளையும் போன் பதிவுகளையும் ஒவ்வொன்றாகச் சேகரித்தார். பல மருத்துவர்கள் அடுத்தடுத்து மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தது அதில் தெரிந்தது.

2010 டிசம்பர் 9. ஒட்டாவா செனட்டர்ஸ் அணியின் மேட் கார்க்னரோடு சண்டை. பூகார்ட் கீழே விழுந்தார். தலைக்குள் அதிர்ச்சி. அதுதான் கடைசி ஆட்டம். அதன் பிறகு நியூயார்க் அபார்ட்மென்ட்டில் தலைவலியோடும், வெளிச்சத்தைத் தாங்க முடியாமலும், பெரும்பாலும் தனியாகவே நாட்கள் போயின. மீண்டும் மறுவாழ்வு மையம்.

அங்கிருந்து 2011 மே மாதம் மினியாபொலிஸ் வந்தார். மே 13 அன்று அபார்ட்மென்ட்டில் இறந்து கிடந்தவரைச் சகோதரர்கள்தான் கண்டார்கள். மதுவும் ஆக்ஸிகோடோன் மாத்திரையும் சேர்ந்ததால் நேர்ந்த விபத்து மரணம் என்று பரிசோதனை முடிவு சொன்னது.

மூளை சொன்ன கதை

குடும்பம் அவருடைய மூளையை பாஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களுக்குத் தானமாகக் கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் முடிவு வெளியானது. பூகார்டுக்கு சிடிஇ இருந்தது.

அது என்ன சிடிஇ? தலையில் மீண்டும் மீண்டும் அடிபடுவதால் மூளையில் ‘டாவ்’ என்ற புரதம் தப்பான வடிவத்தில் படியத் தொடங்கும். அது மெல்ல மெல்லப் பரவி நரம்பணுக்களைக் கொல்லும். மறதி, திடீர்க் கோபம், மனச்சோர்வு, கட்டுப்பாடு இழப்பது, கடைசியில் டிமென்ஷியா. 1928-லேயே குத்துச்சண்டை வீரர்களிடம் இதுபோன்ற அறிகுறிகளை மருத்துவ உலகம் பதிவு செய்திருக்கிறது. கொடுமை என்னவென்றால், உயிரோடு இருக்கும்போது இதை உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. இறந்த பிறகு மூளையை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

28 வயது இளைஞரின் மூளையில் இவ்வளவு பாதிப்பை ஆராய்ச்சியாளர்கள் எதிர்பார்க்கவில்லை. முந்தைய தலைமுறையின் புகழ்பெற்ற என்ஃபோர்சர் பாப் ப்ரோபர்ட் 2010-ல் இதயக் கோளாறால் இறந்தபோது அவருக்கு வயது 45. அவர் மூளையிலும் சிடிஇ இருந்தது. பூகார்டின் மூளை அதைவிட மோசமாக இருந்தது.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. பூகார்டின் கடைசி ஆண்டுகளில் தெரிந்த குழப்பத்துக்கும் மறதிக்கும் எது காரணம், சிடிஇ-யா, மாத்திரையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பதை மட்டும் மறுக்க முடியாது. அந்த வேர், அவர் பார்த்த வேலை.

அந்தக் கோடையில் அவர் மட்டும் இல்லை. 2011 ஆகஸ்டில், மன அழுத்தத்தோடு நீண்ட காலம் போராடிய ரிக் ரைப்பியன் இறந்தார். அதே மாத இறுதியில் வேட் பெலாக். 4 மாதங்களுக்குள் 3 பேர். மூவருமே என்ஃபோர்சர்கள்.

தற்செயலா? 2023-ல் வெளியான கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு, 1967-க்குப் பிறகு ஆடிய 331 என்ஃபோர்சர்களை, அதே காலத்தில் ஆடிய மற்ற வீரர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. இறந்தவர்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இறந்த என்ஃபோர்சர்கள், மற்றவர்களைவிடச் சராசரியாக 10 ஆண்டுகள் முன்பாகவே இறந்திருந்தார்கள். போதை மருந்து, தற்கொலை, வாகன விபத்து போன்ற காரணங்களும் அவர்களிடையே அதிகம்.

லீக் என்ன சொல்கிறது?

ஐஸ் ஹாக்கிக்கும் சிடிஇ-க்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக அறிவியல் நிரூபிக்கவில்லை என்பதே என்ஹெச்எல் தலைவர் கேரி பெட்மேனின் நிலைப்பாடு. 2019-ல் கனடா நாடாளுமன்றக் குழு முன்பும் அதையே சொன்னார்.

பூகார்டின் குடும்பம் 2013-ல் என்ஹெச்எல் மீது வழக்குப் போட்டது. 2017-ல் சட்ட நடைமுறைக் காரணங்களால் அது தள்ளுபடியானது. ஆனால், பூகார்ட் விஷயத்தில் லீக் நடந்துகொண்ட விதத்தைப் பாராட்டுவதாக இந்தத் தீர்ப்பை எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் நீதிபதி எழுதினார்.

தலைக் காயங்கள் பற்றி லீக் தங்களை எச்சரிக்கவில்லை என்று முன்னாள் வீரர்கள் தொடர்ந்த இன்னொரு வழக்கு 2018-ல் சமரசத்தில் முடிந்தது. 318 பேருக்குமாகச் சேர்த்து மொத்தம் 1 கோடியே 89 லட்சம் டாலர். ஒருவருக்கு ரொக்கமாகக் கிடைத்தது சுமார் 22,000 டாலர். பொறுப்பு எதையும் லீக் ஏற்கவில்லை.

இப்போது என்ஃபோர்சர்கள் எங்கே?

அறம் சார்ந்த விவாதங்களைவிட, கணக்குதான் இந்த வேலையை அழித்தது.

முதலில் விதிகள். 1971-ல் சண்டையில் மூன்றாவது ஆள் நுழைந்தால் ஆட்டத்திலிருந்தே வெளியே என்றானது. 1992-ல் சண்டையைத் தொடங்கி வைப்பவருக்கான தண்டனை கடுமையானது. எதிராளி சம்மதிக்காமல் அடித்தால், அணிக்கு நஷ்டம். 2013-ல் புதிதாக வரும் வீரர்களுக்கு முகக் கண்ணாடி கட்டாயம். கண்ணாடி மேல் குத்தினால் உடைவது குத்துபவர் கைதான்.

இரண்டாவது, 2005. ஒரு சீசன் முழுக்க நடந்த சம்பளத் தகராறுக்குப் பிறகு லீக் புதிய வடிவில் திரும்பியது. இழுப்பது, பிடிப்பது எல்லாவற்றுக்கும் கறாராகத் தண்டனை. ஆட்டத்தின் வேகம் எகிறியது. மெதுவாக ஸ்கேட்டிங் செய்யும் பலசாலி, பாரமாகத் தெரிந்தார். கூடவே ஐபிஎல் ஏலத்தின் ‘பர்ஸ்’ போல ஒவ்வொரு அணிக்கும் சம்பள உச்சவரம்பு வந்தது. ஒவ்வொரு டாலரையும் எண்ணிச் செலவழிக்கும்போது, 5 நிமிடம் ஆடுபவருக்கு ஏன் ஒரு இடம் என்ற கேள்வி எழுந்தது.

விளைவு? 2008-09 சீசனில் 700-க்கும் மேல் நடந்த சண்டைகள், அடுத்த பத்தே ஆண்டில் 200-சொச்சமாகச் சரிந்தன. 

பாதுகாப்பு வாதத்திலும் ஒரு ஓட்டை உண்டு. லீக்கின் மிக முக்கியமான, மிக மூர்க்கமான ஆட்டங்கள் பிளேஆஃப் சுற்றில்தான். ஸ்டார்களுக்கு அதிகப் பாதுகாப்பு அப்போதுதானே தேவை? ஆனால் அப்போதுதான் என்ஃபோர்சர்களைப் பயிற்சியாளர்கள் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். சண்டையும் குறைவாக நடக்கும். பயம் காட்டுவது நிஜமாகவே வேலை செய்திருந்தால், கோப்பைக்கான ஆட்டத்தில் யாராவது அதைத் தள்ளி வைப்பார்களா?

கிரெட்ஸ்கியின் பாடிகார்டு மெக்சோர்லியின் முடிவும் ஒரு பாடம். 2000 பிப்ரவரியில் டொனால்டு பிரஷியர் என்ற சக என்ஃபோர்சரின் தலையில் மட்டையால் அடித்தார். ஆயுதத் தாக்குதல் குற்றவாளி என்று கனடா நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு அவர் என்ஹெச்எல்-லில் ஆடவே இல்லை.

கேலியாக ஆரம்பித்த கதை

இந்தத் தொழிலின் கடைசித் தலைமுறையிலிருந்து ஒரு இனிமையான கதையும் உண்டு. ஜான் ஸ்காட். 6 அடி 8 அங்குலம். மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர். என்ஹெச்எல் வாழ்க்கை முழுக்க அடித்தது 5 கோல்.

2016 ஆல்ஸ்டார் போட்டிக்கு ரசிகர்கள் கேலியாக அவருக்கு ஓட்டுப் போடத் தொடங்கினார்கள். மீம் கலாசாரம் தெரிந்தவர்களுக்குப் புரியும். அவரே முதலிடத்தில் வந்துவிட்டார். விலகிக்கொள்ளுமாறு தன்னை வற்புறுத்தினார்கள் என்று அவர் பின்னர் எழுதினார். நடுவில் அவரை வேறு அணிக்கு மாற்றி, அங்கிருந்து கீழ் லீக்குக்கும் அனுப்பினார்கள். இணையத்தில் எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் அவர் ஆடினார், கேப்டனாக. 2 கோல் அடித்தார். ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே. சக நட்சத்திரங்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள்.

அன்று அரங்கம் கொண்டாடியது அவர் கைமுஷ்டியை அல்ல, அவர் ஆட்டத்தை. ஒரு என்ஃபோர்சருக்கு அது லேசில் கிடைக்காத விஷயம்.

அப்படியானால் சண்டை முடிந்ததா?

இல்லை. சண்டைக்கென்றே இருந்த வேலைதான் முடிந்துகொண்டிருக்கிறது. 2024 பிப்ரவரியில், பூகார்ட் ஆடிய அதே ரேஞ்சர்ஸ் அணியில் மேட் ரெம்பே என்ற 21 வயது உயரமான பையன் அறிமுகமானார். முதல் ஆட்டத்தில் இறங்கிய உடனேயே சண்டை. ரசிகர்கள் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அந்தக் காட்சியைப் பார்த்த பலருக்கும் பூகார்ட் ஞாபகம் வந்தது.

2025 பிப்ரவரி 15-ல் மான்ட்ரியலில் அமெரிக்கா–கனடா ஆட்டம். ஆரம்பித்த 9 நொடிகளுக்குள் 3 சண்டைகள். அவர்கள் யாரும் பழைய பாணி என்ஃபோர்சர்கள் இல்லை, முன்னணி ஆட்டக்காரர்கள். ஐஸ் ஹாக்கியே தெரியாதவர்களின் போனிலும் அந்த வீடியோ ஓடியது. சண்டைக்கு மார்க்கெட் இன்னும் இருக்கிறது.

இன்னொரு பக்கம், கியூபெக் மாகாணத்தின் ஜூனியர் லீக்கில் 2023 முதல் சண்டை போட்டால் ஆட்டத்திலிருந்தே வெளியேற்றம். பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் தானமாக வந்த மூளைகளை வைத்து 2024-ல் வெளியிட்ட ஆய்வு, ஐஸ் ஹாக்கி ஆடும் ஒவ்வொரு கூடுதல் ஆண்டுக்கும் சிடிஇ வாய்ப்பு சுமார் 34% கூடுவதாகச் சொல்கிறது. பாதிப்பு இருந்தவர்களின் குடும்பங்களே அதிகம் மூளையைத் தானம் செய்வதால், இதை எல்லா வீரர்களுக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் கேள்வி இப்போது முஷ்டிச் சண்டையோடு நிற்கவில்லை. தலையில் விழும் எல்லா அடியும் கணக்கில் வருகிறது.

பூகார்டின் என்ஹெச்எல் புள்ளிவிவரம் மூன்றே எண்களில் அடங்கும். 277 ஆட்டம். 3 கோல். தண்டனை, 589 நிமிடம்.

அதாவது கிட்டத்தட்ட 10 மணி நேரம். ஆட்டம் வெளியே நடந்துகொண்டிருக்க, கண்ணாடிக் கூண்டுக்குள் வீங்கிய கைகளை ஐஸில் வைத்தபடி உட்கார்ந்திருந்த நேரம். மெல்ஃபோர்டில் அந்தப் பையன் எதிரணி பெஞ்சுக்குள் புகுந்தபோது அங்கே பெரியவர்கள் பலர் இருந்தார்கள். “தம்பி, ஸ்கேட்டிங் நல்லா கத்துக்கோ” என்று யாராவது கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்கள் அவன் பெயரைக் குறித்துக்கொண்டார்கள்.